பதுவைக்கு வீட்டை ஓட்டிப்போனோம்

1

போன கிழமை பீலெஃபெல்டிலிருந்து ரஞ்சிதம் அக்கா போன் எடுத்தார். அவர்களும் ஒரு வோன்மொபில் வாங்கப் போகிறார்களாம். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வாகனம் அது. ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கச் சொன்னால், ஓடுகிற வீடு.

"றெஜினா, இதை உம்மட்டைத்தான் கேக்கவேணும். எந்த நாவி நல்லது? ரயர் காத்துப் பாக்கிற ஏதோ சாமானும் பூட்டினனீங்களாம். அதுவும் தேவையோ?"

நாவி என்றால் வழி சொல்லும் கருவி. வாகனத்தின் உயரத்தைப் போடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கோ, ரயர்க் கருவி கட்டாயம் வேணும் என்று இரண்டு வசனத்தில் முடித்திருக்கலாம். நான் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். அப்படியும் முடியவில்லை. அந்த இரண்டையும் நாங்கள் வாங்கியது போன வருடக் கோடையில். எதற்காக வாங்கினோம், அவற்றோடு எங்கே போனோம் என்பதைச் சொல்லாமல் எது நல்லது என்று மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரஞ்சிதம் அக்காவுக்குச் சொல்லி முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் கணவர் செபமாலை மன்னாரில் மீன் லொறி ஓட்டியவர். ஐஸ் போட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் விடியும்போது கொழும்புச் சந்தையில் நிற்பார். இங்கே ஹம் நகரத்தில் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ஷரோன். போன வருடம் அவளுக்குப் பதினேழு வயது.

எதிர்வீட்டு ஜேர்மன் கிழவர், கண் மங்கியதால், தன்னுடைய வோன்மொபிலை விற்கப் போகிறேன் என்றபோது என் கணவர் என்னிடம் கேட்காமலே வாங்கிவிட்டார். நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அது எங்கள் வாசலில் நிற்கிறது. இவர் அந்தப் பெரிய ஸ்டியறிங்கைப் பிடித்தபடி உள்ளே இருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சண்டை பிடிக்க மனம் வரவில்லை.

ஷரோனுக்குத்தான் வெட்கம். "பைன்லிஷ்" என்றாள். மானக்கேடு என்கிற மாதிரி ஒரு சொல். அந்த வயதில் அவள் எங்களைப் பற்றிச் சொன்ன வசனங்களில் பாதி அந்தச் சொல்லில்தான் முடிந்தன. தமிழில் தொடங்குவாள், நடுவில் ஜேர்மனுக்கு மாறுவாள், முடிக்கும்போது அறைக்கதவு சாத்தியிருக்கும்.

மே மாதத்தில் எமில்டா அக்கா மன்னாரிலிருந்து போன் எடுத்தார். அவர் என் ஒரே அக்கா, கன்னியாஸ்திரி. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளை வைத்து ஒரு விடுதி நடத்திக்கொண்டிருந்தார். நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட பிறகு இருபது வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒருமுறை இங்கே கூப்பிட எல்லாக் கடதாசியும் செய்து முடித்தோம். கொழும்பில் தூதரகத்துக்கு வரச்சொல்லி அவருக்கு டெர்மின் தந்த கிழமை பார்த்து, சண்டை என்று பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

"றெஜி, ஓகஸ்டில நான் உரோமைக்கு வாறன். எங்கட சபைக் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பதுவைக்குக் கூட்டிக்கொண்டு போயினமாம். அந்தோனியார் கோயிலுக்கு. அங்கை உன்னாலை வர ஏலுமோ?"

"நீங்கள் இங்கை வர ஏலாதோ அக்கா? ரெண்டு நாளைக்கு?"

"ஏலாதம்மா. எல்லாரும் ஒண்டா வந்து ஒண்டாத் திரும்பவேணும்."

போனை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். பார்க்கப் போகிறேன் என்ற சந்தோசம் ஒருபக்கம். மறுபக்கம், நான் வாழ்கிற வீட்டை அக்கா ஒருநாளும் பார்க்கப் போவதில்லை, என் சமையலறையில் ஒரு வாய் சாப்பிடப் போவதில்லை. இவர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ வீட்டை வர ஏலாதெண்டால், நாங்கள் வீட்டைக் கொண்டுபோவம்" என்றார்.

3

நாவி வாங்க ஷரோனும் வந்தாள். பயணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவள், கடைக்கு மட்டும் வருகிறேன் என்றாள். "அப்பா தனியப் போனா கடைக்காரன் சொல்லுறதுக்கெல்லாம் யா யா எண்டுவார்."

கடையில் நின்ற இளைஞன் கைக்கடக்கமான, பளபளக்கும் ஒன்றை எடுத்துக் காட்டினான். இவருக்கு உடனே பிடித்துவிட்டது. ஷரோன் அதைக் கையில் வாங்காமலே கேட்டாள்: எங்கள் வண்டியின் உயரம் மூன்று மீற்றருக்கு மேல், அதை இதற்குச் சொல்லி வைக்கலாமா? இளைஞன் தலையை ஆட்டினான். அது காருக்குரியது. எந்தப் பாலம் உயரமில்லாமல் பதிவு, எந்தத் தெரு ஒடுக்கம் என்று அதற்குக் கவலையில்லை. பிறகு உள்ளேயிருந்து பருமனான இன்னொன்றைக் கொண்டுவந்தான். லொறிக்காரர்கள் வாங்குவதாம். உயரம், அகலம், பாரம் மூன்றையும் போட்டுவிட்டால் அதற்கேற்ற பாதையாகப் பார்த்துச் சொல்லும்.

"எனக்குக் கண் இருக்கு. பாலம் தெரியாதோ?" என்றார் இவர்.

"பாலம் தெரியும் அப்பா. ஆனா அதுக்கு முன்னாலை போய் நிண்டு, பின்னாலை இவ்வளவு கார் நிக்க, எப்பிடி ரிவேர்ஸ் எடுப்பீங்கள்?"

கொழும்புச் சந்தையில் லொறியைத் திருப்பிய மனிதர் பளபளத்ததைக் கடைக்காரன் பக்கம் தள்ளிவிட்டார். வரைபடத்தில் இத்தாலி இருக்கிறதா என்றும் அவள்தான் கேட்டாள். சிலவற்றில் ஜேர்மனியும் பக்கத்து நாடுகள் இரண்டும் மட்டும்தான். பெரிய திரை இருந்ததால் எனக்கும் கண்ணாடி போடாமல் தெரிந்தது. அந்தப் பருத்ததையே வாங்கினோம்.

ரயர்க் கருவிக்கு ஊருக்கு வெளியே, முகாமிடும் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனோம். போகும் வழியில் இவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். வந்த புதிதில் மொழி வகுப்பில் 'ரைஃப்' என்றால் கனிந்தது என்று படித்திருக்கிறார். அடுத்த நாள் தெருவில் 'ரைஃபன்' என்று பெரிய எழுத்தில் ஒரு கடையைக் கண்டு, பழக்கடை என்று நினைத்து மாம்பழம் கேட்கப் போயிருக்கிறார். உள்ளே முழுக்க ரயர். ஷரோன் சிரித்தாள். கன காலத்துக்குப் பிறகு எங்களோடு சிரித்தாள்.

அந்தக் கடைக்காரி எங்கள் வயதுப் பெண். கருவி இரண்டு விதம் என்றாள். ஒன்று சில்லுக்கு உள்ளே பூட்டுவது, அதற்கு ரயரைக் கழற்ற வேண்டும். மற்றது காற்றடிக்கும் வாயில் மூடிபோலத் திருகிவிடுவது. காற்றுக் குறைந்தால் முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி கத்தும். இவருக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

"நான் கட்டையாலை ஒரு தட்டுத் தட்டினாச் சொல்லுவன், காத்து இருக்கோ இல்லையோ எண்டு."

"ஓடிக்கொண்டிருக்கேக்கை இறங்கித் தட்டுவீங்களோ?" என்று கேட்டேன்.

மூடிபோல் திருகுவதை வாங்கினோம். அதைப் பூட்டிக் காட்ட வெளியே வந்த கடைக்காரி, ரயரின் பக்கத்தில் பொறித்திருந்த இலக்கங்களைக் குனிந்து வாசித்தாள். "மேலே உள்ள பூ தேயவில்லை, ஆனால் ரயருக்கு வயது போய்விட்டது. முதலில் இதை மாற்றுங்கள்" என்றாள். கிழவர் அதிகம் ஓடாமல் நிறுத்தியே வைத்திருந்தவர். பார்க்கப் புதுசுபோலத்தான் இருந்தது. திரும்பி வந்து மாற்றுவோம் என்றார் இவர்.

4

பரீட்சைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஓடிப் பார்த்தோம். ஷரோனை நாவிக்காகக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குள் இருந்த பெண்குரலுக்கும் இவருக்கும் முதல் சந்தியிலேயே பிரச்சினை. வழி பிழைத்தால் அவள் "பிட்டே வென்டன்" என்பாள். தயவுசெய்து திருப்புங்கள் என்று அர்த்தம்.

"என்ன இவ, எதுக்கெடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் எண்டுறா?" என்றார்.

ஹம்மைத் தாண்டி வயல்வெளியால் போய்க்கொண்டிருந்தோம். ஓரிடத்தில், முன்னால் வாகனம் ஒன்றும் இல்லாமலே, வேகம் குறைந்தது. பாதையோரத்தில் மாவட்டத்தின் பெயர் எழுதிய பலகை நின்றது.

"ஏன் அப்பா ஸ்லோ பண்ணுறீங்கள்?"

"ஒண்டுமில்லை."

அது என்னவென்று எனக்குத் தெரியும். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வருடங்களில் எங்கள் கடதாசிக்கு மாவட்டத்தைத் தாண்ட உரிமை இல்லை. தாண்டுவதென்றால் அந்திராக் என்ற விண்ணப்பம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சைக்கிளை மிதிக்க நான் பின்னால் இருந்து, இப்படியொரு பலகைவரை வருவோம். புல்லில் இருந்து, கொண்டுவந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவோம். பலகைக்கு அந்தப் பக்கத்திலும் இதே சோளம்தான் நின்றது. ஆனாலும் நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள், இப்போது நினைக்கும்போது அந்தப் பாணும் சம்பலும் ருசியாகத்தான் இருக்கின்றன. அப்போது நாங்கள் இருவரும் இளசு. இவர் பாட்டுப் பாடிக்கொண்டு மிதிப்பார்.

இதை நான் ஷரோனுக்குச் சொன்னேன். அவள் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தாள்.

"தாண்டினா என்ன செய்வினம்?"

"பிடிச்சால் தண்டம். திரும்பப் பிடிச்சால் எங்கட வழக்குக்குக் கூடாதெண்டு பயம்."

"நீங்கள் இதை எனக்குச் சொன்னதே இல்லை" என்றாள் ஜேர்மனில்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் சொன்னாள், "இத்தாலிக்கு நானும் வாறன். ஆராவது நாவியைப் பாக்கவேணும்தானே."

5

சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டோம். இரவு இத்தாலிக்குள் எங்காவது தங்கி, ஞாயிறு காலைப் பூசைக்குப் பதுவையில் நிற்பது திட்டம். பாரை மீன் குழம்பும் நண்டுக்கறியும் வைத்துக் குளிர்பெட்டியில் இறுக்கி வைத்திருந்தேன். நாவிப் பெண் ஒழுங்காக வழி சொன்னாள். இவரும் அவளோடு சமாதானமாகிவிட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு, தெற்கே மலைகள் தெரியத் தொடங்கிய நேரத்தில், ரயர்ப் பெட்டி கத்தியது. பின்பக்க வலது சில்லு.

"வெயிலுக்கு அது அப்பிடித்தான் கத்தும்" என்றார்.

"வெயிலுக்குக் காத்துக் கூடத்தானே வேணும் அப்பா? இது குறையுது. பாருங்கோ, திரும்பவும் குறைஞ்சிட்டுது."

"ஓட்டம் நல்லாத்தான் கிடக்கு. எனக்குத் தெரியாதோ?"

"அப்பா, நிப்பாட்டுங்கோ!" ஷரோன் கத்தினாள். அவள் இவ்வளவு சத்தமாகத் தமிழில் கத்தி நான் கேட்டதில்லை. இவர் தரிப்பிடம் ஒன்றுக்குள் திருப்பினார்.

இறங்கிக் கட்டையால் தட்டினார். சத்தம் சரி என்றார். பிறகு நிலத்தில் படுத்து உட்பக்கத்தைப் பார்த்தவர், கன நேரம் எழும்பவே இல்லை. நானும் குனிந்து பார்த்தேன். ரயரின் உட்புறச் சுவர் கொய்யாக்காய் அளவுக்கு வீங்கி, அதன் நடுவில் வெடிப்பு ஓடியிருந்தது. அந்த வேகத்தில் அது வெடித்திருந்தால் நாங்கள் எங்கே போய்க் கிடந்திருப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவர் எழும்பி வந்து ஷரோனின் தலையில் கையை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றார்.

மாற்றுச் சில்லும் அதே வயது. நாங்கள் போன் எடுத்து வரவழைத்த பழுதுபார்க்கும் வாகனக்காரர் அதைப் பூட்டிவிட்டு, இதோடு மலை ஏறாதீர்கள் என்றார். பக்கத்துக் கிராமத்தில் உழவு இயந்திரங்களுக்கு ரயர் மாற்றும் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, போனில் கேட்டு, மெதுவாக முன்னால் ஓடி வழிகாட்டினார்.

அந்த ரயர்க்காரர் முற்றத்துக்கு வந்து ஏதோ சொன்னார். நான் ஷரோனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இவர் என்ன பாஷை கதைக்கிறார்?"

அது அந்த மலைப்பக்கத்து ஜேர்மன். ஹம்மில் பிறந்து வளர்ந்து, என் பிழைகளையெல்லாம் திருத்துகிற பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். "இப்ப விளங்குதோ எங்கட பாடு?" என்றார் இவர். அவரும் ரயர்க்காரரும் கையாலும் தலையாலும் கதைத்து முடித்தார்கள். விசயம் இதுதான்: சரியான அளவு ரயர் அவருடைய மைத்துனரிடம் இருக்கிறது. ஆனால் மாட்டில் பால் கறந்த பிறகுதான் போய் எடுத்துவர முடியும்.

பதுவையில் அக்கா தங்கும் மடத்துக்கு ஷரோன் ஆங்கிலத்தில் போன் செய்து, காலையில் வரமாட்டோம், மத்தியானம் ஆகும் என்று சொன்னாள். அங்கே எடுத்தவருக்கு அது விளங்கியதோ தெரியாது.

முற்றத்தில் நாற்காலியை விரித்துப் போட்டு இருந்தோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர்களின் பஸ் உரோமைக்குத் திரும்பிவிடும்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு உழவு இயந்திரப் பெட்டியில்தான் போவோம். அரிசி, சட்டி பானை, பாய், கோழி, சனம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒருமுறை காட்டுப்பாதையில் ரயர் வெடித்துவிட்டது. ஆம்பிளைகள் வேறு ரயர் தேடி நடந்தார்கள். பெண்கள் மரத்துக்குக் கீழே பாயை விரித்துச் சோறு வைத்தார்கள். எமில்டா அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலை மரத்தில் ஏறி, கொப்பை உலுக்கினார். நான் கீழே நின்று பழம் பொறுக்கினேன். பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டி, செபம் சொல்லும்போது எங்கள் இருவருக்கும் வாய் திறபடவில்லை. அம்மா ஏசினார், நாங்கள் சிரித்தோம். அன்று முழுக்க அங்கேயே கிடந்தோம். ஒருவருக்கும் அவசரம் இல்லை. மாதா எங்கே போய்விடப் போகிறா என்று ஐயா, எங்கள் அப்பா, சொன்னார்.

ரயர்க்காரர் இரண்டு பின்சில்லுக்கும் புது ரயர் போட்டு முடிக்கப் பொழுதுபட்டுவிட்டது. இவருக்கு மலைப்பாதையை இருட்டில் ஓட்டத் துணிவில்லை. அந்த முற்றத்திலேயே படுத்து, விடிவதற்கு முன் புறப்பட்டோம்.

6

பதுவைக்குள் நுழையும்போது ரயில்பாதைக்குக் கீழே போகும் சுரங்கவழி ஒன்றைத் தவிர்த்து, நாவி எங்களைச் சுற்றுப்பாதையால் கொண்டுபோனது. சந்தியில் நின்று பார்த்தோம். சுரங்கவழியின் வாயில் எங்கள் கூரையைவிடப் பதிவு. இவர் நாவியைத் தட்டிக்கொடுத்தார்.

அக்காவோடு பேசிவைத்திருந்த, வோன்மொபில்கள் நிறுத்தும் வெளியில் போய் நின்றபோது ஒரு மணி தாண்டிவிட்டது. ஒரு சின்னக் காருக்குப் பக்கத்தில், மரநிழலில், இத்தாலிச் சிஸ்டர் ஒருவரோடு அக்கா நின்றார். காலையிலிருந்து நிற்கிறாராம். ஷரோன் போனில் சொன்னது பாதிதான் விளங்கியிருந்தது.

மரத்தில் ஏறிய பெண் என் தோளுக்குத்தான் வந்தார். இவ்வளவு சின்ன உருவமாக இருந்தாரா, வயதில் குறுகிவிட்டாரா என்று தெரியவில்லை. கட்டிப்பிடித்தபோது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இத்தாலிச் சிஸ்டர் ஐந்து மணிக்கு முன் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போனார்.

"வாங்கோ அக்கா, எங்கட வீட்டை வாங்கோ" என்றேன்.

படியில் கால் வைக்கப்போனவர் நின்றார். "செருப்பைக் கழட்டவோ?"

கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். தட்டுகள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்து, "தண்ணியும் வருது!" என்று சிரித்தார். ஹம்மில் என் வீட்டுக்கு வந்திருந்தால் எப்படிச் சுற்றிப் பார்த்திருப்பாரோ அப்படியே பார்த்தார்.

சோறும் குழம்பும் சூடாக்கிப் போட்டேன். கையால் பிசைந்து சாப்பிட்டார். ஷரோன் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுக்குப் பெரியம்மா என்றால் போனில் கேட்கும் ஒரு குரல் மட்டும்தான்.

"பெரியம்மா, நீ இன்னும் கொஞ்சம் சாப்பிடுறியா?"

"ஷரோன்! நீங்கள் எண்டு சொல்லு!"

அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார். "விடு றெஜி. எல்லாரும் சிஸ்டர் சிஸ்டர் எண்டுதான். என்னை நீ எண்டு கூப்பிட இப்ப ஒருத்தரும் இல்லை. போடு பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடு."

சாப்பிட்டு முடிந்ததும் வெளியே யாரோ வாகனக் கதவை அறைந்து சாத்தினார்கள். அக்காவின் உடம்பு முழுக்கத் துடித்தது. கையிலிருந்த தண்ணீர் மேசையில் சிந்தியது. தானே துடைத்துவிட்டுச் சொன்னார்: "பெருநிலப்பக்கம் செல்லடிச்சால் எங்கட யன்னலெல்லாம் அதிரும். பிள்ளையள் பயந்து எழும்புங்கள். நான் லாம்பைக் கொழுத்திக்கொண்டு போய் ஒவ்வொண்டா எண்ணிப் பாப்பன். எண்ணாட்டில் எனக்கு நித்திரை வராது. இப்ப எண்ணினாலும் வாறேல்லை."

பிறகு பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்தார். "கொஞ்சம் சரியட்டோ? ஒரு பத்து நிமிசம்."

தலையணையைப் போட்டுக் கொடுத்தேன். "இண்டைக்கு ஒருத்தரையும் எண்ணத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டு சரிந்தவர், நான் போர்வையை இழுத்து மூடுவதற்கு முன்னமே நித்திரையாகிவிட்டார்.

பத்து நிமிடம் போனது. அரை மணித்தியாலம் போனது. ஷரோன் காதுக்குள் கேட்டாள், "எழுப்பேல்லையோ அம்மா? நேரம் போகுது."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஐயா செத்தபோது நான் இங்கே தனியாக அழுத கதை. ஷரோன் பிறந்த கதை. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நான் போனில் கேட்கத் துணியாத கேள்விகள். எல்லாவற்றையும் மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் மலை தாண்டி வந்தேன். கட்டிலடியில் போய் நின்று பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்து, கை ஒன்று தலைக்கு மேலே கிடக்க, சின்ன வயதில் பாயில் கிடந்தது போலவே கிடந்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. கையை நீட்டினேன். தொடாமல் எடுத்துக்கொண்டேன்.

"எழுப்ப வேண்டாம்" என்றேன்.

மூவரும் வெளியே வந்தோம். இவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பக்கத்து வாகனத்துப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டு வந்தபோது ஷரோன் எழும்பிப்போய், உதட்டில் விரலை வைத்துக் காட்டி அவர்களை அந்தப் பக்கம் அனுப்பினாள். பிறகு வந்து படியில் இருந்துகொண்டாள். ஒருவரையும் கிட்ட வர விடவில்லை. நான் நாற்காலியில் இருந்து, மூடிய யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னக் கார் திரும்பி வந்தபோதுதான் எழுப்பினேன். அக்கா எழும்பி யன்னலால் வெளியே பார்த்தார். வெயில் சாய்ந்திருந்தது.

"ஏனடி எழுப்பேல்லை? எவ்வளவு கதைக்க இருந்தது!"

"நல்லா நித்திரை கொண்டீங்கள் அக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போர்வையை நாலாக மடித்துத் தலையணையின்மேல் வைத்தார். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினார். பிறகு ஷரோனின் நெற்றியில் சிலுவை போட்டார். இவர் படியடியில் குனிந்து, அவருடைய செருப்பைத் திருப்பி, காலுக்கு வசதியாக வைத்தார்.

7

திரும்பி வரும்போது மலைப்பாதையில் நான் அழுதுகொண்டே வந்தேன். ஷரோன் முன்னால் நாவியைப் பார்த்தபடி இருந்து, வளைவு வரும் இடமெல்லாம் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த இலையுதிர்காலத்தில் அவள் கார்ல்ஸ்ரூஹேக்குப் படிக்கப் போகிறாள். இனி எங்களோடு வருவாளோ தெரியாது. வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பரவாயில்லாமல் இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் மடத்துக்குப் போன் எடுத்தபோது, அக்கா வவுனியாப் பக்கம் முகாம்களில் வேலை செய்யப் போய்விட்டார் என்றார்கள். அதன் பிறகு மாதக்கணக்காக அவரின் குரல் இல்லை. யுத்தம் முடிந்த அந்த மாதங்களைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். இங்கே நான் கிழவிகளுக்குச் சாப்பாடு தீத்தும்போதும் சட்டைப்பையில் போனை வைத்திருந்தேன். வேலையில் அது கூடாது. மேற்பார்வை செய்பவள் கண்டும் காணாதமாதிரி விட்டாள்.

ஜூன் முடிவில் ஒரு மத்தியானம், வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"றெஜி, நான்தான்."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். இருக்கிறீங்களோ, சுகமோ என்று எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. இருக்கிறேன் என்றார். தன் விடுதிப் பிள்ளைகளும் சுகம் என்றார். முகாமைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன் கம்பிக்குள்ளால் இரண்டுபேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அக்கா சொன்னார்: "அண்டைக்கு நான் நித்திரை கொண்டிட்டன். உனக்கு நிறையக் கதைக்க இருந்திருக்கும். இப்ப கதை. நான் முழிச்சுத்தான் இருக்கிறன்."

அடுக்கி வைத்திருந்த ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கையில் ஈரச்சேலை இருந்தது. யன்னலுக்கு வெளியே தூறத் தொடங்கியிருந்தது.

"இங்கை மழை அக்கா" என்றேன்.

"ம்," என்றார் அக்கா, "சொல்லு."